சங்கவி சாமத்தியவீடு – பேர்ண் குறூப்

பெரியம்மா: ஞாயிறு 11க்கு ஹோல். நிரோஷன் எங்க? பலகாரப் பெட்டி ஏத்த ஆள் வேணும்

நிரோஷன்: சனி இரவு லெம்மரன் ஹுட்டில (மலைத் தங்குமடம்) பெரியம்மா. காலமை ஸ்கீயோட வில்ட்ஸ்ட்ரூபல் மலை ஏறிட்டு நேர வாறன் 🎿

சித்தி: ஏப்ரலிலையோ? முருகா

குகன் மாமா: தம்பி, வெள்ளி மழை, சனி இரவு முகில். பாத்தனியோ?

நிரோஷன்: மைனஸ் 2 காட்டுது மாமா. உறையும்தானே

குகன் மாமா: காத்தின்ர சூடு வேற, பனியின்ர சூடு வேற. வானம் வெளிச்சிருந்தா காத்து பிளஸ் 2 எண்டாலும் பனி தன்ர சூட்டை மேல விட்டிட்டு இறுகும். முகில் மூடினா மைனஸ் 2இலயும் மேல மெல்லிய கோதுதான், கீழ ஈரம். வெயில் பட்ட கையோட உடையும்.

குகன் மாமா: மழைத் தண்ணி முதல் தரம் உள்ளுக்கு இறங்கேக்கதான் கூடப் பயம். அடியில கிடக்கிற பழைய பலவீனப் படை நனைஞ்சா மேல கிடக்கிற பனி முழுக்கக் கழண்டு பனிச்சரிவா வரும். பல தரம் நனைஞ்சு உறைஞ்ச பனியை ஓரளவு நம்பலாம்.

தர்சி: லெக்சர் ஸ்டார்ட் 😂

ரவி சித்தப்பா: ஹோல் அட்வான்ஸ் ஆர் கட்டினது?

பெரியம்மா: போனமுறை மாதிரிக் கணக்குக் கேக்காத ரவி

நிரோஷன்: அப்ப எப்பிடி முடிவெடுக்கிறது மாமா?

குகன் மாமா: எஸ்எல்எஃப் (சுவிஸ் பனிச்சரிவு நிலையம்) புல்லற்றின் பின்னேரம் 5க்கு வரும். அடுத்தது காலமை 8க்கு வாறதுக்கு முதல் நீ மலைச் சரிவில நிப்பாய், அதால 5 மணியானைத்தான் வாசிக்கோணும். ஈரப்பனிக்குத் தனியாப் போட்டிருந்தா அதைப் பார். விடிய 5க்கு ஹுட் வாசல்ல ஸ்கீயைக் கழட்டிப்போட்டு நட. சப்பாத்து தாழேல்லயோ, போ. கரண்டைக்கு மேல தாழுதோ, திரும்பிப் படு.

குகன் மாமா: வெயில் முதல்ல கிழக்குச் சரிவுக்கு, பிறகு தெற்கு, கடைசியா மேற்கு. பாறைக்குக் கீழ பனி உருண்டையள் தானா உருளத் தொடங்கினா நேரம் முடிஞ்சுது. நீ 25 பாகையில நிண்டாலும் மேல 35 பாகை இருந்தா அங்கத்தைப் பனி உன்ர தலையிலதான். புல்லுத் தெரியப் பிளந்திருக்கிற இடத்துக்குக் கீழ நிக்காத. அந்தப் பனிச்சரிவு இரவிலயும் வரும், நேரம் பாத்துத் தப்பேலாது.

சித்தி: 😳😳

தர்சி: 5க்கு வெளிக்கிட்டா 8க்கு உச்சி. பிறகு ஹுட், கெம்மி கணவாய், லொய்க்கர்பாட் ஊர், பஸ், ரெயின். 11க்கு எப்பிடி பேர்ண்?

நிரோஷன்: சாப்பாட்டுக்கு நிப்பன்

பெரியம்மா: ஆராத்தி ஆர் எடுக்கிறதெண்டே இன்னும் முடிவில்ல, இவர் சாப்பாட்டுக்கு வருவாராம்

குகன் மாமா: அவசரம் பிடிச்சு இறங்கிறதுதான் பிழை. உச்சி கிடைக்கேல்ல எண்டால் விடு. எல்விஎஸ் (புதைஞ்ச ஆளைத் தேடுற சிக்னல் கருவி), சவள், சோண்டெ (பனிக்குள்ள குத்திப் பாக்கிற நீளத் தடி) மூண்டும் இருக்கோ? சரிஞ்சு வந்த ஈரப்பனி நிண்டதும் இறுகிப்போகும், கையால கிண்டேலாது.

நிரோஷன்: இருக்கு. நாளைக்குப் பின்னேரம் 5க்குப் புல்லற்றின் பாத்திட்டுச் சொல்லுறன்

ரவி சித்தப்பா: அட்வான்ஸ்??

பெரியம்மா: 🎤 குரல் செய்தி (4:12)

தர்சி: ஆராவது கேட்டிட்டுச் சுருக்கிச் சொல்லுங்கோ