புதுப்பிப்பு: களப்பயணத்துக்கு வீட்டில் விட்டார்களா?

புதுச்சேரியில் நாங்கள் நடத்தும் நிலவியல் மாணவியர் குழுவில், களப்பயணம் என்றாலே வீட்டில் விடுவதில்லை, என்ன செய்வது என்று முன்பு கேட்டிருந்தேன். "பெற்றோரையும் கூட்டிக்கொண்டு போங்கள்" என்று ஒருவர் சொன்னார். அதையே செய்தோம்.

போனது விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரை கல்மரப் பூங்கா. ஏறக்குறைய 2 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய மரங்கள், கடலூர் மணற்கல் என்ற பாறை அடுக்கில் புதைந்து, சிலிக்கா (மணலில் இருக்கும் கனிமம்) ஊறிக் கல்லானவை. அங்கே ஒரு சில்லுகூட எடுக்கக் கூடாது என்பதால் பாறை உடைக்கும் சுத்தியல்கள் பையிலேயே கிடந்தன. ஓர் அப்பா அடிமரத்தை விரலால் தட்டிப் பார்த்துவிட்டு, "ரேகையெல்லாம் அப்படியே இருக்கே, எப்படிம்மா?" என்றார். விளக்கியது அவர் மகள்தான். நான் வாயே திறக்கவில்லை.

அப்புறம் வழக்கமான கேள்வி வந்தது: படித்துவிட்டு சுரங்கத்தில் பெண்களை எடுப்பார்களா? 1952 சுரங்கச் சட்டப்படி நிலத்தடியில் பெண்களுக்கு வேலை தரக் கூடாது என்றிருந்தது. 2019-ல்தான் தொழில்நுட்ப, மேற்பார்வைப் பணிகளுக்கு, அவர்களின் எழுத்துமூலச் சம்மதத்தோடு, ஒன்றிய அரசு வழிவிட்டது என்றேன். பாதிப் பேருக்கு இது புதுச் செய்தி.

களத்தில் கழிப்பறை இல்லாத பிரச்சினை மட்டும் அப்படியே இருக்கிறது. அதற்கு மடக்குக் கூடாரம் வாங்கலாமென்று பார்க்கிறோம். பயன்படுத்தியவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். அடுத்த பயணம் நெய்வேலி பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்துக்கு.