தலைமன்னார் முத்திரையும் இரண்டு டிஸ்க்கும்

குழு: கோத்தகிரி வீட்டார்

சனி

சித்தப்பா, மாலை 5:40
தினேஷ், நம் வீட்டுக் காகிதம், படமெல்லாம் ஸ்கேன் எடுத்து வைக்கக் காலையில் நீ மாட்டிவிட்டுப் போன இரண்டு டிஸ்க்கில் ஒன்றின் விளக்கு அணைந்துவிட்டது. மதியத்திலிருந்து மழைதான், ஆனால் கரண்ட் போகவில்லை. வயரை ஆட்டிப் பார்க்கட்டுமா?

தினேஷ், மாலை 5:52
வேண்டாம் சித்தப்பா, எதையும் தொடாதீர்கள். இங்கிருந்தே உள்ளே போய்ப் பார்த்தேன், ஒரு டிஸ்க் கழன்று நிற்கிறது. தப்பு என்னுடையது. ராஸ்பெர்ரி பை 4 என்கிற அந்தச் சின்னக் கணினியில் இருக்கும் நான்கு யூஎஸ்பி போர்ட்டுக்கும் சேர்த்தே 1.2 ஆம்பியர்தான் வரும். இரண்டு டிஸ்க்கையும் நேராக அதில் செருகிவிட்டேன். இரண்டும் சேர்ந்து ஓடியபோது கரண்ட் போதவில்லை.

குந்தா அத்தை, மாலை 5:58
அப்போ அப்பாவுடைய காகிதமெல்லாம் போய்விட்டதா சாமி?

தினேஷ், மாலை 6:01
இல்லை அத்தை, மற்ற டிஸ்க்கில் அத்தனையும் அப்படியே இருக்கிறது. இரண்டிலும் ஒன்றேபோல் எழுதும், அதற்காகத்தான் இரண்டு வைத்தேன்.

குந்தா அத்தை, மாலை 6:04
அந்தத் தலைமன்னார் முத்திரை குத்திய தாள்?

தினேஷ், மாலை 6:05
அதுவும் இருக்கிறது. இப்போதுதான் திறந்து பார்த்தேன்.

சித்தப்பா, மாலை 6:15
அசல் தாளை இனிப் பிரிக்கவே கூடாது. மடிப்பில் நூல் மாதிரிதான் ஒட்டிக்கொண்டிருக்கிறது, ஓரமெல்லாம் பூஞ்சணம். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் பெயர் வந்து, இலங்கையின் தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் கிடந்து, அந்த ஒரு தாளைக் காட்டித்தான் அப்பா டான்டீ அரசுத் தேயிலைத் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தார். நம் வீட்டில் அதைவிடப் பழைய எழுத்து எதுவும் கிடையாது.

தினேஷ், மாலை 6:20
தெரியும் சித்தப்பா. நாளைக்கு முதல் பஸ்ஸில் வருகிறேன். தனி அடாப்டர் உள்ள யூஎஸ்பி ஹப் ஒன்று வாங்கிவிட்டேன். டிஸ்க்குகள் அதிலிருந்து கரண்ட் எடுத்துக்கொள்ளும்.

ஞாயிறு

தினேஷ், காலை 10:35
ஹப் மாட்டியாச்சு. முதல் நகல் எடுத்து முடிவதற்குள் நேற்று டிஸ்க் கழன்றதால் மறுபடி முதலிலிருந்து ஓடுகிறது. இரண்டு டிபி. நொடிக்கு 100 எம்பி வேகத்தில் போனாலே ஐந்தரை மணி நேரம் ஆகும்.

பிரியா அக்கா, காலை 10:50
ஒன்று நீலம், ஒன்று கறுப்பு. ஏன் இரண்டும் வேறு வேறு கம்பெனி?

தினேஷ், காலை 10:54
வேண்டுமென்றேதான் அக்கா. ஒரே கம்பெனியில் ஒரே நாளில் வாங்கினால் இரண்டும் ஒரே தயாரிப்புத் தொகுதியாக இருக்கலாம். ஒரே குறை இரண்டிலும் இருந்தால் அடுத்தடுத்துப் போய்விடும்.

சித்தப்பா, மாலை 5:30
எல்லோரும் கேளுங்கள். தினேஷ் என் கண் முன்னாலேயே நீல டிஸ்க்கின் வயரை உருவிவிட்டான். எனக்குப் பதறிவிட்டது. உடனே போனில் அப்பாவின் தாளைத் திறக்கச் சொன்னான். திறந்தது! முத்திரையைப் பெரிதாக்கினால் மை பரவிய இடம்கூடத் தெரிகிறது.

தினேஷ், மாலை 5:41
சோதித்துப் பார்க்காமல் விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை. இரண்டு டிஸ்க்கும் நலமாக இருந்தால் திரையில் அடைப்புக்குள் இரண்டு ஆங்கில யூ (U) எழுத்து பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். வயரை உருவியதும் ஒரு யூ போய் அந்த இடத்தில் வெறும் கோடு வந்தது. திரும்பச் சேர்த்தபோது ஆறு மணி நேரம் ஆகவில்லை, நிமிடங்களில் முடிந்தது. எங்கெங்கே எழுதினோம் என்று அதுவே குறித்து வைத்திருக்கும், விட்டுப்போன இடத்தை மட்டும் எழுதும்.

பிரியா அக்கா, மாலை 5:49
எல்லாம் அப்படியே திறக்கிறது என்றால், நிஜமாகவே ஒன்று செத்துப்போனாலும் நமக்குத் தெரியாதே?

தினேஷ், மாலை 5:55
அதுதான் அக்கா எனக்கும் பயம். ஒன்று போனது தெரியாமலே ஆறு மாதம் மற்றதை வைத்து ஓட்டுவோம், அதுவும் ஒருநாள் நிற்கும்போதுதான் தெரியவரும். அதனால் கோடு விழுந்த உடனே எனக்கும் உங்களுக்கும் மெயில் வருகிற மாதிரி வைத்திருக்கிறேன். வயரை உருவினேனே, அந்த மெயில் வந்ததா பாருங்கள்.

பிரியா அக்கா, மாலை 5:57
வந்திருக்கிறது, 5:22-க்கு.

குந்தா அத்தை, மாலை 6:10
ரொம்ப நல்லது சாமி. அப்போ நான் போனில் இருக்கிற படத்தையெல்லாம் அழித்துவிடலாமா? இடமே இல்லை.

தினேஷ், மாலை 6:12
அத்தை, இன்னும் வேண்டாம்! ஒரு டிஸ்க் செத்தால் மட்டும்தான் இது காப்பாற்றும். இங்கே யாராவது கை தவறி ஒரு படத்தை அழித்தால், அதே நொடியில் இரண்டிலும் அழிந்துவிடும். வைரஸ் வந்தாலும், இடி இறங்கினாலும் இரண்டும் சேர்ந்தே போகும். மூன்றாவதாக ஒரு டிஸ்க்கில் எல்லாவற்றையும் ஏற்றிக் கையோடு எடுத்துப் போகிறேன். அது பிரியா அக்கா வீட்டில் எதிலும் செருகாமல் சும்மா இருக்கட்டும். மாதத்தின் முதல் ஞாயிறு நான் மேலே வரும்போது கொண்டுவந்து புதியதை ஏற்றித் திருப்பித் தருகிறேன். முதல் தடவை ஏற்றி, திறந்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன், அப்புறம் அழியுங்கள்.

சித்தப்பா, மாலை 6:20
அது கோயம்புத்தூரில் பிரியா வீட்டில் இருப்பதுதான் சரி. 2009 நவம்பர் மழையில் மண் சரிந்து வீடு வீடாகப் போனதைப் பார்த்தவன் நான். மலையில் இருப்பதெல்லாம் மலையிலேயே இருக்கக் கூடாது.

பிரியா அக்கா, மாலை 6:24
என் பீரோவில் வைத்துக்கொள்கிறேன். சித்தப்பா, நீங்கள் அந்தப் பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள், அந்தச் சுவர் ஆடியிலிருந்தே ஈரம்.

சித்தப்பா, மாலை 6:31
ஹாலில் டிவிக்குப் பக்கத்துப் பலகையில், சுவரை விட்டு ஒரு சாண் தள்ளித்தான் இருக்கிறது. சின்ன யூபிஎஸ்ஸும் போட்டுவிட்டான். ஹப்பின் அடாப்டரையும் அதிலேயே செருகியிருக்கிறான்.

திங்கள்

சித்தப்பா, காலை 7:05
ராத்திரி கரண்ட் இரண்டு தடவை போய் வந்தது. இப்போது பார்த்தேன், இரண்டு யூவும் நிற்கிறது.

குந்தா அத்தை, காலை 7:30
அண்ணா, வியாழக்கிழமை பஸ்ஸில் வருகிறேன். அம்மாவின் கொழுந்து பறிக்கிற படம் என்னிடம் ஒன்று இருக்கிறது, கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்கிறது.

தினேஷ், காலை 7:34
பிய்க்காதீர்கள் அத்தை. சட்டத்தோடு அப்படியே கொண்டுவந்து சித்தப்பாவிடம் கொடுங்கள். கண்ணாடியோடு வைத்தே ஸ்கேன் எடுத்துப் பார்ப்போம்.