பிளையரா, பிளையர்ஸா? பட்டறைப் பட்டியலுக்கு உதவி தேவை

தொழிற்பயிற்சி மாணவர்களுக்காகக் கருவிகளின் பெயர்களைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் பட்டியலிடுகிறோம். ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டோம்.

கத்தரிக்கோல், குறடு, இடுக்கி எல்லாம் தமிழில் ஒருமை. ஆங்கிலத்தில் சிசர்ஸ், பிளையர்ஸ், டாங்ஸ், ட்வீசர்ஸ் என்று ஒரே ஒரு கருவியைச் சொன்னாலும் பன்மைதான். கருவியின் இரண்டு கைகள் சேர்ந்து வேலை செய்வதால் அப்படி. அதனால் மேசையில் ஒரே கத்தரிக்கோல் கிடந்தாலும் "தீஸ் சிசர்ஸ் ஆர் பிளன்ட்" என்றுதான் வரும். "திஸ் சிசர்ஸ் இஸ்" தவறு. 'பேர்' (ஜோடி) சேர்த்தால் வினை அதைப் பார்த்து மாறும்: "திஸ் பேர் ஆஃப் சிசர்ஸ் இஸ் பிளன்ட்". இதுவரை தெளிவு.

ஆனால் பொருளை இறுக்கிப் பிடிக்கும் வைஸுக்கும் இரண்டு தாடை உண்டு, அது ஒருமை. கொட்டை உடைக்கும் நட்கிராக்கரையும் அளவெடுக்கும் காலிப்பரையும் ஒருமை, பன்மை என இரண்டு விதமாகவும் எழுதுகிறார்கள். ஆக, வடிவத்தை மட்டும் வைத்து விதி சொன்னால் மாணவர்கள் குழம்புவார்கள்.

இருப்புப் பதிவேடுதான் பெரிய சிக்கல். "பிளையர்ஸ் – 6" என்றால் ஆறு குறடு. "6 பேர்ஸ்" என்று எழுதினால், கையுறை போல ஜோடியாக எண்ணி 12 என்று எடுத்துக்கொள்ள வாய்ப்பிருக்கிறது. அலகுக் கட்டத்தில் 'எண்ணம்' (எண்ணிக்கை) என்று போடலாம் என்பது எங்கள் யோசனை. நீங்கள் எப்படி எழுதுகிறீர்கள்?

கடைச் சீட்டில் 'காம்பினேஷன் பிளையர்' என்று எஸ் இல்லாமலே வருகிறது. அதையும் கற்றுத்தரலாமா? உலைக்களத்து டாங்ஸுக்கு உங்கள் ஊரில் குறடா, இடுக்கியா? ஊர்ப்பெயரோடு சொல்லுங்கள்.