குளோர்பைரிபாஸ் கலந்த நீரைச் சுத்திகரிக்க ஃபென்டன் முறை: உங்கள் உதவி தேவை

வணக்கம் நண்பர்களே. மருந்துத் தெளிப்பான் கழுவிய தண்ணீரில் கிடக்கும் குளோர்பைரிபாஸ் என்ற பூச்சிக்கொல்லியை ஃபென்டன் முறையில், அதாவது இரும்பும் ஹைட்ரஜன் பெராக்சைடும் சேர்ந்து உண்டாக்கும் வீரியமான ஹைட்ராக்சில் ரேடிக்கலால், சிதைத்துப் பார்க்கிறேன். பிஎச் அளவை 3-க்கு இறக்கி, இரும்பு சல்பேட்டைக் கரைத்து, ஹைட்ரஜன் பெராக்சைடைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறேன். தண்ணீர் பழுப்பு மஞ்சளாக மாறி, மெல்லிய குமிழிகள் எழும்புகின்றன.

எச்பிஎல்சி-யில் (கலவையில் உள்ள பொருள்களைப் பிரித்து அளக்கும் கருவி) மருந்தைக் காட்டும் முகடு, அதாவது பீக், மறைந்துவிடுகிறது. ஆனால் மொத்தக் கரிமக் கார்பன் அவ்வளவாக இறங்கவில்லை. மூலக்கூறு உடைகிறதே தவிர, கார்பன் டைஆக்சைடு வரை போகவில்லை என்றுதான் இதற்குப் பொருள். எனக்குக் கவலையே இதில்தான்: இடையில் உருவாகக்கூடிய ஆக்ஸான் (மருந்தில் ஒரு கந்தக அணுவுக்குப் பதில் ஆக்சிஜன் ஏறிய வடிவம்), தாய் மருந்தைவிட நச்சு மிகுந்தது. பீக் போய்விட்டது என்பதற்காக அந்தத் தண்ணீரை மண்ணில் விட மனம் வரவில்லை.

பெராக்சைடைக் கூட்டலாம்தான், ஆனால் அளவு மிஞ்சினால் அதுவே ஹைட்ராக்சில் ரேடிக்கலை விழுங்கிவிடும். அப்புறம், மிச்சமிருக்கும் பெராக்சைடு சிஓடி (நீரிலுள்ள மாசை வேதிமுறையில் ஆக்சிஜனேற்றத் தேவைப்படும் ஆக்சிஜன்) அளவைக் கூட்டிக் காட்டுகிறது. அந்தப் பெராக்சைடை நீக்கச் சோடியம் சல்பைட் போட்டால் மிஞ்சும் சல்பைட்டும் அதே வேலையைச் செய்யும்; கேட்டலேஸ் நொதியோ தன் பங்குக்குக் கார்பனைச் சேர்த்துவிடும். நீங்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

புற ஊதா ஒளி சேர்த்த ஃபென்டனோ பெர்சல்பேட் என்ற வேறு ஆக்சிஜனேற்றியோ செய்து பார்த்தவர்கள் இருந்தால், டிரைகுளோரோபிரிடினால் (குளோர்பைரிபாஸ் உடைந்து வரும், குளோரின் கொண்ட பொருள்) முழுதாகப் போனதா, குளோரைடு அளந்து உறுதி செய்தீர்களா என்று சொல்லுங்கள். நச்சுத்தன்மையை டாஃப்னியா என்ற சிறிய நீர்வாழ் உயிரியை வைத்துச் சோதித்த அனுபவம் இருந்தால் அதையும் அவசியம் எழுதுங்கள்.