புதுப்பிப்பு: நொடியில் மூளும் கோபம் – எனக்குக் கைகொடுத்தது எது?

மகனுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும்போது கோபம் தலைக்கேறிக் கத்திவிடுகிறேன், என்ன செய்வது என்று எட்டு வாரங்களுக்கு முன் கேட்டிருந்தேன். பதில் எழுதிய அனைவருக்கும் மனமார்ந்த நன்றி.

முதலில் மூச்சை எண்ணிப் பார்த்தேன். எனக்கு ஒத்துவரவில்லை, கோபத்தின் உச்சத்தில் மூச்சைக் கவனித்தால் படபடப்பு கூடியது. பத்து நாளில் விட்டுவிட்டேன்.

கைகொடுத்தது, 'உணர்ச்சிக்குப் பெயர் வையுங்கள்' என்ற யோசனை. தாடை இறுகுவதுதான் என் முதல் அறிகுறி. அதை உணர்ந்ததும் 'இதோ, கோபம் வருகிறது' என்று மனத்துக்குள் சொல்கிறேன். அடக்குவதில்லை, நியாயப்படுத்துவதுமில்லை. உணர்ச்சியைச் சொல்லால் குறிக்கும்போது மூளையில் பயம், கோபம் போன்ற உணர்ச்சிகளோடு தொடர்புடைய அமிக்டலா என்ற பகுதியின் செயல்பாடு தணிவதை உளவியலாளர் மேத்யூ லீபர்மன் குழுவினர் 2007இல் வெளியிட்ட ஆய்வில் காட்டியிருக்கிறார்கள். ஆனால் முதல் மூன்று வாரங்கள், கத்தி முடித்த பிறகுதான் எனக்கு நினைவே வந்தது. தொடங்குகிறவர்கள் அதைக் கண்டு கைவிட்டுவிடாதீர்கள். இப்போது பெரும்பாலும் முன்கூட்டியே பிடித்துவிடுகிறேன்.

எதிர்பாராதது ஒன்று: பெயர் தேடியபோது பல நாள் பொருந்திய சொல் கோபம் அல்ல, பயம். அவன் பின்தங்கிவிடுவானோ என்ற பயம். அதை அவனிடமே சொன்னேன். அருகில் வந்து உட்கார்ந்துகொண்டான்.

தூக்கம் குறைந்த நாள்களில் மட்டும் இன்னும் தவறுகிறேன்.