வாய்க்குள் முளைத்த முடி

நெல்லிக்குப்பம் வாசகி:
என் கணவருக்குக் கன்னத்தில் புற்றுநோய். வெட்டியெடுத்த இடத்தை மார்புத் தசையையும் தோலையும் சேர்த்துத் திருப்பி மூடினார்கள். கதிர்வீச்சு தேவைப்படவில்லை. நான்கு மாதம் கழித்து ஒரு காலையில், அவர் கண்ணாடி முன் வாயைப் பிளந்து, செல்போன் வெளிச்சத்தில் சிறு கத்தரிக்கோலால் எதையோ வெட்டிக்கொண்டிருந்தார். கன்னத்தின் உட்புறத்தில் கருகருவென்று மார்பு முடி. "சோறு இதில் ஒட்டுகிறது" என்றார். நான் சிரித்துவிட்டேன், பயத்தில் வந்த சிரிப்பு அது. அன்று முதல் அவர் தட்டை எடுத்துக்கொண்டு கொல்லைப்புறம் போய்விடுகிறார். இப்படி முளைக்கும் என்று அறுவை செய்தவர்கள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

முத்தியால்பேட்டை வாசகி:
சகோதரி, மருத்துவர்களைக் குறைசொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. அவர்கள் சொல்லியிருப்பார்கள், கையெழுத்துப் போடும் பதற்றத்தில் நம் காதில் ஏறியிருக்காது. கதிர்வீச்சு முடிந்து தோல் ஆறும்வரை மார்பக மறுசீரமைப்புக்குக் காத்திருக்க வேண்டும் என்பதே எனக்கு இரண்டாம் முறை கேட்டபோதுதான் புரிந்தது. பிறகு வயிற்றுச் சதையை எடுத்து வைத்தார்கள். புடவை கட்டினால் வித்தியாசம் தெரியாது. ஆனால் பேரன் அந்தப் பக்கம் தலை சாய்த்துத் தூங்கியபோது, அவன் தலையின் சூடுகூட எனக்கு உறைக்கவில்லை. மார்பகத்தை எடுத்த நாளில்கூட நான் அப்படி அழவில்லை.

மஞ்சக்குப்பம் வாசகர்:
காதில் ஏறவில்லை என்றால், ஏறும்வரை சொல்வதும் சிகிச்சைதான் அம்மா. எனக்குத் தாடையில் காலெலும்பை வைத்தபோது, இரவெல்லாம் மணிக்கொருதரம் செவிலியர் வந்து ஒட்டிய சதையின் நிறத்தையும் சூட்டையும் பார்த்தார். தூங்கினீர்களா என்று எவரும் கேட்கவில்லை. நெல்லிக்குப்பம் அம்மாவுக்கு ஒன்று சொல்கிறேன். முடியை லேசரால் அகற்ற வழியுண்டு, பிளாஸ்டிக் சர்ஜரி மருத்துவரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள். புதுச்சேரி கோரிமேட்டில் ஜிப்மர் மருத்துவமனையிலேயே பிளாஸ்டிக் சர்ஜரிக்குத் தனித்துறை உண்டு, மனநலத்துறையும் உண்டு. உங்கள் கணவர் வர மறுத்தால், அரசின் தொலைபேசி மனநல உதவியான டெலி மனாஸ் 14416 என்ற இலவச எண்ணை நீங்களே அழைக்கலாம்; இரவு பகல் எந்நேரமும், தமிழிலும் பேசுவார்கள், நோயாளிதான் பேச வேண்டும் என்பதில்லை. அவரைச் சமாதானப்படுத்தாதீர்கள், புத்தி சொல்லாதீர்கள், உறவினர்களைக் கூட்டி வந்து "எல்லாம் சரியாகிவிடும்" என்று சொல்ல வைக்கவே வைக்காதீர்கள். உங்கள் தட்டையும் எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போய் உட்காருங்கள்.

நெல்லிக்குப்பம் வாசகி:
அந்த எண்ணில் பேசினேன் ஐயா, அரைமணி நேரம் பொறுமையாகக் கேட்டார்கள். தட்டோடு கொல்லைக்கதவு வரைதான் என்னால் போக முடிந்தது.