தண்ணியில நம்பர் அழியாத கைப்பட்டி செய்யிறது எப்பிடி?

வணக்கம் அக்காமார், அண்ணாமார். கிளிநொச்சியில இருந்து எழுதுறன். வாற ஓகஸ்ட் லீவுக்குக் குடும்பமா யாழ்தேவி ரயிலில கொழும்புக்குப் போய், அங்கயிருந்து ஹங்வெல்ல லெஷர் வேர்ல்ட் எண்ட தண்ணி விளையாட்டுப் பூங்காவுக்குப் போறம். சின்னதுகள் ஆறு பேர், எல்லாம் பத்து வயசுக்குள்ள. சனத்துக்குள்ள ஆராவது தவறினால் எண்டு, கையில போன் நம்பரோட ஒரு பட்டி வீட்டிலயே செய்யத் தொடங்கினம். நம்பர்தான் தண்ணியில நிக்குதில்லை.

பருத்தி ரிபனில பெமனன்ட் மார்க்கரால எழுதினன். மை நூல் வழிய ஊறி 3 உம் 8 உம் ஒரே மாதிரி ஆகிட்டுது. பேந்து கடதாசியில எழுதி லேமினேட் பண்ணி வாளித் தண்ணியில போட்டுப் பாத்தன். கயிறு கோக்க அடிச்ச ஓட்டையால தண்ணி போய் கடதாசி ஊதிப்போச்சு. அதுக்கு மேல ஒட்டின செலோடேப்பும் கழண்டுது. அம்மம்மா பனையோலையில பின்னித் தந்தவா. வடிவெண்டால் அப்பிடி ஒரு வடிவு, ஆனா நனைய நனைய இளகுது, எழுதவும் இடமில்லை. இலக்கம் போட்ட பிளாஸ்டிக் மணி கோக்கலாம் எண்டு ரவுன் முழுக்கத் தேடினன், இங்கிலிஸ் எழுத்து மணிதான் கிடக்கு.

கடைப் பட்டி வேண்டாம். பிள்ளையள் தங்கட தங்கட நிறத்தைத் தெரிஞ்சு வைச்சிட்டினம், இனி மாத்தினால் வீடு ரெண்டாகும்.

ஒரு பகல் முழுக்கக் குளோரின் தண்ணியில நம்பர் நிக்க, கிளிநொச்சியிலயோ வவுனியாவிலயோ வாங்கக்கூடிய என்ன சாமானில, எதால எழுதலாம்?